ஒற்றைச் சொல்லில் ஒரு பள்ளியா?

ஒரு பள்ளியின் தரத்தை நாம் எங்ஙனம் அறிகிறோம்? இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளை ஆராய்ந்து மக்களுக்கு அறிவிக்க 'ஆஃப்ஸ்டெட்' நிறுவனம் 1992-இல் தோன்றியது. அதன் அறிக்கை பல பக்கங்கள். மக்கள் நினைவில் நின்றதோ 'மிகச் சிறப்பு', 'நன்று', 'முன்னேற்றம் தேவை', 'போதாது' என்பவற்றுள் ஒன்றே.

ஒரு தொடக்கப் பள்ளியில் கற்பித்தல் நன்றெனக் கண்டும், பிள்ளைகளின் பாதுகாப்பு ஏற்பாட்டிலிருந்த குறையால் 'போதாது' என முடிவாயிற்று. அறிக்கை வெளிவருமுன், 2023 ஜனவரியில், அதன் தலைமையாசிரியை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வாய்வும் அதற்கொரு காரணமென மரண விசாரணை கூறிற்று.

2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் தீர்ப்பு நீங்கியது. 2025 நவம்பர் முதல் துறைதோறும் தனித்தனி மதிப்பீடு வழங்கப்படுகின்றது.

குறையை மறைத்தல் தகாது. உண்மையை அறியப் பெற்றோர்க்கு உரிமையுண்டு. ஆயினும் ஒரு சொல்லைக் கேட்டே தீர்ப்பிடாது, எதில் நிறை, எதில் குறை எனப் படித்தறிதல் நம் கடமையன்றோ?