ஹாரி ஜார்ஜ் சாம்பியன்

சர் ஹாரி ஜார்ஜ் சாம்பியன் (1891–1979) இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய வனவியல் அறிஞர். இந்தியக் காடுகளை வகைப்படுத்தியதற்காக அறியப்படுபவர். புலிகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற வன அலுவலர் எஃப். டபிள்யூ. சாம்பியன் இவருடைய சகோதரர்.

பணி

1915-இல் இந்திய வனப்பணியில் சேர்ந்தார். பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் காடு வளர்ப்பியல் அறிஞராகப் பொறுப்பேற்றார். விதை தேர்வு, நடவு, களைதல், மரங்களுக்கு இடைவெளி விடுதல், வெட்டியபின் காட்டை மீண்டும் உருவாக்குதல் ஆகியவற்றை ஆராயும் துறையே காடு வளர்ப்பியல்.

விதையின் பூர்வீகம்

நெல்லில் தவறான விதையை விதைத்தால் அந்தப் பருவத்திலேயே தெரிந்துவிடும். தேக்கிலோ பைனிலோ தவறு வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் விதைத்தவர் ஓய்வு பெற்றிருப்பார். குமாவுன் மலைப்பகுதியில் சிர் பைன் மரங்கள் சில முறுக்கிய நாருடன் வளர்வதைச் சாம்பியன் ஆராய்ந்தார். முறுக்கிய மரம் அறுத்தால் வளையும், வலிமையும் குறைவு. இதில் பரம்பரைக்கும் பங்குண்டு என்று அவர் கருதினார். எனவே விதை எந்த ஊரில், எத்தகைய தாய்மரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறிந்தே நடவேண்டும் என வலியுறுத்தினார்.

காட்டு வகைப்பாடு

இந்தியா, பர்மா காடுகளின் வகைகளை விவரிக்கும் இவரது நூல் 1936-இல் வெளிவந்தது. 1940 முதல் 1959 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வனவியல் பேராசிரியராக இருந்தார். ஓய்வுக்குப்பின் எஸ். கே. சேத்துடன் இணைந்து அந்நூலைத் திருத்தியமைத்தார். திருத்திய பதிப்பு 1968-இல் வந்தது. வெப்பநிலை, மழை, மரங்களின் இயல்பு ஆகியவற்றின் அடிப்படையில் காடுகள் அதில் 16 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளும், நீலகிரியின் சோலைக்காடுகளும் அவற்றில் தனித்தனித் தொகுதிகளில் அடங்கும்.

இன்றைய பயன்

வெட்டு, மேய்ச்சல், தீ ஆகியவற்றால் சீரழிந்த நிலைகளுக்கும் இந்த வகைப்பாட்டில் தனிக் குறியீடுகள் உண்டு. இதனால் ஒரு முட்புதர் நிலம் வெறும் தரிசாகப் பதிவாவதில்லை. எந்தக் காடு சிதைந்து அப்படி ஆனது என்பதும் பதிவாகிறது. அங்கே எந்த மரங்களை மீண்டும் வளர்க்கலாம் என்பதற்கு அது வழிகாட்டும். இந்திய வனத்துறையினரும் மாணவர்களும் இவ்வகைப்பாட்டை இன்றும் பயன்படுத்துகின்றனர்.