மிளகுக்காக வந்தார்கள், மாகியை விட்டுப் போனார்கள்

இடுக்கி மலையில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும் நம்மவர்களுக்குப் பிரான்சு நாட்டை நினைக்க நேரம் ஏது? ஆனாலும் கேரளக் கரைக்குப் பிரெஞ்சுக்காரர்களை இழுத்து வந்தது இந்தக் கொடிதான்.

1721-ல் வடகரைப் பகுதியை ஆண்ட வாழுன்னவருடன் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மிளகு வாங்கி ஏற்ற மய்யழி ஆறு கடலில் சேரும் இடம் கிடைத்தது. மலையாளிகளுக்கு அது மய்யழி, நமக்கு மாகி. மொத்தப் பரப்பே சுமார் 9 சதுர கிலோமீட்டர்தான்.

இந்தக் கையகல ஊருக்கு நடந்த சண்டை கொஞ்சமல்ல. 1761, 1779, 1793 என்று மூன்று முறை ஆங்கிலேயர் பிடித்தனர். மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தனர். 1779-ல் பிடித்ததுதான் பெரிய வினையாயிற்று. ஐதர் அலிக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் வந்து இறங்கிய துறை அது. பாலக்காட்டில் கோட்டையைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 1766-ல் அந்தக் கோட்டையை இன்றைய உருவில் கட்டிய அதே ஐதர்தான், மாகி பறிபோன கோபத்துடன் 1780-ல் ஆற்காட்டுச் சீமைமீது பாய்ந்தார். 1783-ல் பாலக்காட்டுக் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

சிலையும் தேவாலயமும்

பாலக்காட்டிலிருந்து ஷொரணூர், கோழிக்கோடு வழியாக ரயிலில் போகலாம். மாகி என்று பலகை போட்ட ஸ்டேஷன் இருப்பது கேரளத்துக்குச் சொந்தமான அழியூரில்! அங்கிருந்து சிறிது தூரம் போனால்தான் மாகி. ஆற்றோரத் தாகூர் பூங்காவில் பிரெஞ்சுக் குடியரசின் உருவமான மரியான் சிலை நிற்கிறது. 1736-ல் தோன்றிய புனித தெரசா தேவாலயத்துக்கு அக்டோபர் திருவிழாவில் எல்லா மதத்தவரும் மெழுகுவத்தியுடன் வருகிறார்கள். அந்தப் பழைய வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் மாகிக்காரரான எம்.முகுந்தன் 1974-ல் வெளியிட்ட நாவலைப் படிக்கலாம். இளம்பாரதி அதைத் தமிழில் தந்திருக்கிறார். டில்லி பிரெஞ்சுத் தூதரகத்தில் வேலை பார்த்தவர் முகுந்தன். கிளார்க்குகளுக்கு ஓர் ஆறுதல்!

வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஐ.கே.குமாரன் தலைமையில் மகாஜன சபை போராடியது. 1948 அக்டோபரில் மக்கள் நிர்வாகத்தையே கைப்பற்றினர். சில நாட்களில் பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டுக்கொண்டது. 1954 ஜூலை 16-ல்தான் பிரெஞ்சு நிர்வாகி ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

கேட்டதும் கேட்காததும்

அப்போது மாகியைச் சுற்றியிருந்த மலபார், பாலக்காடு உட்பட, சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும், அங்கிருந்த தமிழர்கள் தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போராடியும், கேரளத்திலேயே நின்றன. மாநில எல்லைகளை ஆராய்ந்த பசல் அலி கமிஷன் சொன்னது அப்படி. மக்களிடம் ஓட்டு எடுக்கவில்லை.

சுற்றிலும் மலையாளம் பேசும் மாகி மட்டும் புதுச்சேரியோடு இருந்துவிட்டது. 1956 மே மாதம் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்டு, 1962-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தமே காரணம். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கின் அந்தஸ்தை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஒன்றும் தர்மப் பிரபுக்கள் அல்லர். 200 ஆண்டுக்கு மேல் ஆண்டபோது யார் விருப்பத்தைக் கேட்டார்கள்? ஆனாலும் போகிற போக்கில் எழுதி வைத்த அந்த ஒரு வரி, தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் கிடைக்காத ஒன்று.

ஆகவே மாகிக்காரர் புதுச்சேரி சட்டசபைக்கு ஓர் உறுப்பினரை அனுப்புகிறார். வண்டி நம்பர் ‘பி.ஒய்.’ என்று தொடங்குகிறது. வரி குறைவென்று பெட்ரோல் போட அக்கம்பக்கத்து லாரிகள் வரிசையில் நிற்கின்றன. புதுச்சேரி அரசு பஸ் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அங்கே வந்து நிற்கிறது. அப்பீல் வழக்கு என்றால் கட்டு எர்ணாகுளம் போவதில்லை; பாலக்காட்டைத் தாண்டிச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போகிறது.