கிணற்றடிப் பங்கர்

யுத்த காலத்தில் எங்கள் வீட்டில் விமானத்தைக் காதால்தான் கண்டுபிடிப்பார்கள். மானிப்பாய் வீட்டின் அடுப்படியில் நின்றபடியே அம்மம்மா சொல்லிவிடுவாராம்: "இது ஹெலி. இது பொம்மர். இது சகடை, எல்லாரும் ஓடுங்கோ!" கதவால் குண்டை உருட்டிவிடும் சரக்கு விமானம்தான் சகடை. 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்ற பிறகு இரவில் தூரத்து இரைச்சலும் துல்லியமாகக் கேட்குமாம். எங்கள் ஒழுங்கையில் அபாயச் சங்கு ஊதியதே இல்லை. நாய்களின் குரைப்பும் அம்மம்மாவின் காதும்தான்.

நான் 2003-இல் பிறந்தவள். இதெல்லாம் எனக்குக் கேட்ட கதை. ஆனாலும் எங்கள் வளவில் வெட்டிய பங்கரை, அந்தப் பதுங்குகுழியை, என்னால் இப்போதே வரைந்து காட்ட முடியும்.

வலிகாமத்துச் செம்மண்ணைக் கொஞ்சம் கிண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். அம்மப்பாவும் அயலவர்களும் அலவாங்கால் கல்லை உடைத்து உடைத்து நெஞ்சளவு ஆழம் இறக்கினார்கள். 'ட' வடிவில் வளைத்துத்தான் வெட்டவேண்டும். வாசலில் குண்டு விழுந்தால் இரும்புத் துண்டுகள் நேரே உள்ளே பாயும். வளைவுக்கு அப்பால் இருப்பவர்கள் தப்புவார்கள். மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அவற்றின் மேல் மண் நிரப்பிய உரப்பைகள். மாரியில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அம்மாவுக்குக் குண்டைவிடத் தேளுக்குத்தான் பயம். அதிர்ச்சியில் நாக்கைக் கடித்துவிடாமலிருக்க ஆளுக்கொரு தடித்துண்டை வாயில் கவ்விக்கொள்வார்கள். அம்மாவின் தடி வேப்பங்குச்சி. அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது என்பார்.

ஓடும்போது அம்மம்மா எடுப்பது ஒரே ஒரு கறுப்புப் பை. காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், ஒரு பக்கற் பிஸ்கற். அறுந்த வாரை மீன்பிடி நரம்பால் தைத்திருக்கிறார். பை இன்றும் அவர் கட்டிலின் தலைமாட்டில் தொங்குகிறது. உள்ளே பிஸ்கற்றும் இருக்கிறது; பழசானால் மாற்றிவிடுவார்.

ஒரு நாளைப் பற்றி மட்டும் வீட்டில் கதை நீளாது. 1995 ஜூலை 9. அரச படைகளின் நடவடிக்கை தொடங்கியதும், கோயில்களிலும் தேவாலயங்களிலும் தங்கும்படி சனங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நம்பிப் போனவர்களால் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயமும் வளவும் நிறைந்திருந்தன. அங்கேதான் விமானக் குண்டுகள் விழுந்தன. செத்தவர்கள் 65 பேருக்குக் குறையாது. போகச் சொன்ன இடத்திலேயே போட்டதை நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. அம்மப்பா சைக்கிளில் ஓடிப்போய்க் காயப்பட்டவர்களைத் தூக்கினார். திரும்பிவந்து, சாரத்தைக்கூட மாற்றாமல் கிணற்றடியில் விடியும்வரை குந்தியிருந்தார். இதற்கு மேல் அம்மா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கதைகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதுமில்லை. பங்கர் வாசல் கிணற்றைப் பார்த்தது என்று ரொறன்ரோவிலிருக்கும் மாமா அடித்துச் சொல்வார். முருங்கையைப் பார்த்தது என்று அம்மா சாதிப்பார். வருடக்கணக்காகத் தொலைபேசியில் இந்தச் சண்டை நடந்தது. போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மம்மாவிடம் கேட்டேன்.

"பிள்ளை, நாங்கள் ரெண்டு பங்கர் எல்லோ வெட்டினது. எண்பத்தேழில வெட்டினது கிணத்தடியில. அது மாரி வெள்ளத்தில இடிஞ்சு போச்சு. தொண்ணூறில முருங்கையடியில வெட்டினம்."

மாமா 1989-இல் வெளிநாடு போய்விட்டார், இரண்டாவதைக் கண்டதேயில்லை. முதலாவது வெட்டியபோது அம்மாவுக்கு நான்கு வயது.

"இதை ஏன் அம்மம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆர் என்னட்டைக் கேட்டது?" என்றபடி முருங்கைக்காயை நறுக்கத் தொடங்கினார்.