இனிஷியல் தெரிந்தவருக்கு வேலை உண்டு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் ஒரு பெண்ணின் ஆதார் எண்ணுக்கு 12 இலக்கம். அவருடைய பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணுக்கும் 12 இலக்கம். அவர் தைக்கும் தோலைக் கொடுத்த மாட்டின் காதில் அரசின் மஞ்சள் வில்லை மாட்டியிருந்தால் அதிலும் 12 இலக்கம்தான். இப்படி எண் கொடுப்பது, கேட்கும் இடத்தில் அதைச் சரிபார்ப்பது, பிசகினால் திருத்துவது, கண்டவர் கையில் சிக்காமல் காப்பது எல்லாம் சேர்ந்து இன்று மின்னணு அடையாளம் என்ற தனித் தொழிலாகிவிட்டது. அந்த வேலைக்கு பெங்களூரு ரயில் ஏற வேண்டும், கம்ப்யூட்டர் இன்ஜினியராக இருக்க வேண்டும் என்பதுதான் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவலான எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தொழிலின் கடினமான பகுதி, இரண்டு ஆவணங்களில் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று தீர்மானிப்பது. அதற்கு வேண்டிய அறிவில் பாதி இந்தத் தோல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கிறது.

பெயரையே எடுத்துக்கொள்வோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா எஸ்., இனிஷியலை ஏற்காத பான் அட்டையில் கவிதா சண்முகம், கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த கம்பெனியின் பதிவேட்டில் கணவர் பெயரின் எழுத்தோடு ஆர். கவிதா. நம் கண்ணுக்கு நால்வரும் ஒருவர். கணினிக்கு நான்கு பேர். வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் வந்தால் சிக்கல் இன்னும் கூடும். முகமது என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ‘ஓ’ போடுகிறவர் உண்டு, ‘யு’ போடுகிறவர் உண்டு. நடுவில் ஒரு ‘எம்’ அல்லது இரண்டு. கடைசி உயிரெழுத்து ‘ஏ’ அல்லது ‘இ’. இந்த மூன்று இடங்களில் மட்டும் மாற்றிப் பார்த்தாலே எட்டு முகமது கிடைப்பார்கள். உருதுப் பெயரைத் தமிழ் காதால் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த எழுத்தரைக் குறை சொல்லவும் முடியாது.

இதன் விலையைக் கட்டுவது தொழிலாளிதான். 2014 அக்டோபரில் யூ.ஏ.என். வந்தபோது, கம்பெனி முன்பு கொடுத்திருந்த பட்டியலில் இருந்த பெயரே பெரும்பாலும் கணக்கில் ஏறியது. 2021 செப்டம்பர் முதல், ஆதாருடன் இணையாத கணக்குக்குப் பெரும்பாலான தொழில்களில் கம்பெனி மாதாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யவே முடியாது. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் ஒரு பெயர் என்றால் மகள் கல்யாணத்துக்கு எடுக்கப் போன பணம் நிற்கும். ‘ஜாயிண்ட் டிக்ளரேஷன்’ என்ற கூட்டு விண்ணப்பத்துக்காக, வேலையை விட்டு வந்த கம்பெனியின் வாசலில் போய் நிற்க வேண்டும். டேனரிகளில் வேறொரு தொல்லை. சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் வருடக்கணக்கில் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்துபோகும். ரேகை விழாதபோது கருவிழியா, முகமா, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யா என்று மாற்றுவழி வகுப்பதும் இத்தொழிலில் ஒரு தனித் துறை.

“இதெல்லாம் இ-சேவை மையத்து ஃபாரம் நிரப்புகிற வேலைதானே, கம்ப்யூட்டரே சீக்கிரம் செய்துவிடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் சரிபார்ப்போடு வாங்கிய யூ.ஏ.என்.களில் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை உறுப்பினரே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் வழி செய்துவிட்டார்கள். எளிய திருத்தங்கள் மனிதர் கையை விட்டுப் போகத்தான் செய்யும். முடிச்சு விழுந்தவையே மிஞ்சும். அவற்றை அவிழ்ப்பவருக்கு மதிப்பு குறையாது. ஆனால் ஆதார் பதிவு மையத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வாதம் உதவாது. பிளஸ் 2 முடித்து, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினால் அந்த வேலை கிடைக்கலாம். சம்பளம் பெரிதாக இருக்காது. அதை ஒரு படிக்கட்டாகவே கொள்ள வேண்டும். அங்கே பார்த்த பிழைகளை வகைபிரித்துச் சொல்லத் தெரிந்தவர் கம்பெனியின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிரிவுக்கும், வங்கிகளின் கே.ஒய்.சி. பிரிவுக்கும், அடையாள மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கும் நகரலாம். பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யில் 2018-இல் தொடங்கிய ‘மோசிப்’ மென்பொருளை பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா போன்ற நாடுகள் எடுத்துக்கொண்டுள்ளன. இலங்கையும் அதைத்தான் தேர்ந்தது. அங்குள்ள தமிழர் பெயரிலும் இதே இனிஷியல் சிக்கல் உண்டு. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. படித்துப் பார்க்கக் காசு வேண்டாம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: எல்லோருக்கும் எண் ஒட்டி வேவு பார்க்கும் ஏற்பாட்டுக்கு நம் பிள்ளைகள் ஏன் ஆளாக வேண்டும்? அந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் ஒதுக்கவில்லை. 2018 செப்டம்பர் 26-இல் ஆதாரை ஏற்ற அதே தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் அதைக் கேட்க இடம் தந்த சட்டப் பகுதியை ரத்து செய்தது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆயிரக்கணக்கான பெண்களின் ஆதார் நகலை பீரோவில் அடுக்கி வைத்திருக்கும் தொழிற்சாலையையும் இந்தச் சட்டம் சும்மா விடாது, அந்த நகல்கள் ஸ்கேன் ஆகிக் கணினிக்குள் போயிருந்தால். எதைக் கேட்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள் அங்கே தேவை. அந்த ஆள் தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நகலின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார் என்பது தெரிந்திருக்கும்.

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதல் நடக்கிறது, வேலூரில் வி.ஐ.டி. இருக்கிறது. பெயர்ப் பொருத்தம், தரவுச் சட்டம், சோதனை முறை மூன்றையும் ஒரு பருவத்துப் பாடமாக்குவது இக்கல்லூரிகளுக்குப் பெரிய காரியமில்லை. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 2017 அக்டோபருக்கு முன் யூ.ஏ.என். வாங்கிய அம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய ஆதார், பான், வங்கிப் புத்தகம், பி.எஃப். விவரம் நான்கையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாததைத் திருத்தி முடியுங்கள்.