பாவையும் அதன் ஆடையும்

பாவை என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சங்ககாலச் சிறுமியர் மணலிலே வண்டற்பாவை செய்து விளையாடினர். வள்ளுவனார் நாணுடைமை அதிகாரத்திலே மரப்பாவையை உவமையாக எடுத்தாண்டார். நவராத்திரிக் கொலுவிலே மரப்பாச்சி இணைக்குச் சேலையும் வேட்டியும் உடுத்தி அழகு பார்த்தல் நம்மவருள் நெடுநாளைய வழக்கம். ஆகவே, பாவைக்கு உடுத்திப் பார்க்கும் ஆசையை மேனாட்டார் பித்தென்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அவ்வாசை மேனாடுகளில் வாணிகமாகவும் கலையாகவும் வளர்ந்த வகையையும், அதிலிருந்து மலையகத்தார் கொள்ளத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நாகரிக ஏடுகள் பரவுமுன்னர், பாரிஸ் நகரத் தையற்கலைஞர் தம் புதிய ஆடைகளைப் பாவைகளுக்கு அணிவித்து அயல்நாட்டு அரசவைகளுக்கு அனுப்பிவந்தனர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், துணி அருகிப்போன வேளையிலே, அவ்வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது. 1945 மார்ச்சில் லூவர் மாளிகையின் ஒரு பகுதியில் 'தியேத்தர் டி லா மோட்' என்னுங் காட்சி திறக்கப்பட்டது. கம்பியாலான, ஏறக்குறைய 70 செ.மீ. உயரமுள்ள 200க்கு மேற்பட்ட பாவைகள், பாரிசின் தலைசிறந்த தையலகங்கள் தைத்த உடைகளை அணிந்து நின்றன. வருவாய் போர்த்துயர் துடைக்கச் சென்றது. 1946இல் அமெரிக்கா சென்ற அப்பாவைகள் சான் பிரான்சிஸ்கோக் கடையொன்றின் நிலவறையில் மறக்கப்பட்டுக் கிடந்து, 1952இல் வொஷிங்டன் மாநிலத்து மேரிஹில் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. போர்க்காலப் பாரிசின் தையற்றிறனை அறிய விரும்புவோர்க்கு அவை இன்று அரிய சான்றாகும்.

1959இல் ரூத் ஹான்ட்லர் அம்மையார் நியூயோர்க் விளையாட்டுப்பொருட் சந்தையில் அறிமுகப்படுத்திய 'பார்பி', ஜேர்மனியில் 1955இல் தோன்றிய 'லில்லி' என்னும் பாவையைப் பின்பற்றி எழுந்தது. சார்லட் ஜோன்சன் என்பார் வகுத்த அதன் உடைகள் யப்பானிலே தைக்கப்பட்டன. சிறுமியர்க்கென வந்த அப்பாவை, காலப்போக்கில் முதியோர் சேகரிக்கும் பொருளுமாயிற்று. கிறிஸ்தியன் டியோர் 1947இல் வெளியிட்ட புகழ்பெற்ற உடையமைப்பினை, அதன் ஐம்பதாம் ஆண்டாகிய 1997இல் ஒரு பார்பி அணிந்து வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து, பீங்கான் போன்று தோற்றும் 'சில்க்ஸ்டோன்' என்னும் பொருளாலான பாவைகள், 1950களின் பாணியிலமைந்த உடைகளோடு வெளிவரலாயின.

இத்தகையவற்றுட் பல, வரையறுத்த எண்ணிக்கையிற் செய்யப்படுவன. இத்துணைப் பாவைகளே செய்வோம் எனச் செய்வோர் உறுதிகூறிச் சான்றிதழும் அளிப்பர். ஆனால் எண்ணிக்கை மட்டுமே அருமையைத் தந்துவிடாது. ஆயிரக்கணக்கானோர் வாங்கிப் பெட்டி திறவாது காத்துவைக்கும் பாவை, எக்காலத்தும் மலிந்தே இருக்கும். 1959ஆம் ஆண்டுப் பார்பி நன்னிலையிற் கிடைத்தல் அரிதானதற்குக் காரணம், சிறுமியர் அதனை மனமார விளையாடித் தேய்த்தமையே. எனவே சேகரிப்போன் எண்ணை மட்டுமன்றித் தையலையும் நோக்கவேண்டும். பாவையின் அளவைக் குறைக்கலாம். நூலின் பருமனை அவ்வளவிற்குக் குறைத்தல் இயலாது. ஆதலின் மெல்லிய துணி தேர்ந்து, மடிப்புப் புடைக்காமல் தைத்தலிலேயே கைத்திறன் புலப்படும்.

காத்தலும் எளிதன்று. இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் ஒன்றாகிய எம் வட்டவளையிலே, மூடிய பெட்டிக்குள்ளும் ஈரம் புகுந்து துணியிற் பூஞ்சணம் படரும். வெயிலிற் காயவைத்தாலோ சாயம் வெளிறும். பழைய பார்பியின் காதிலுள்ள உலோகத் தோடு களிம்பேறிக் காதைப் பச்சையாக்கிவிடும். அந்துருண்டையின் ஆவியும் பிளாஸ்டிக்கிற்கு ஆகாது. காற்றோட்டமுள்ள, நேர்வெயில் படாத உலர்ந்த அலுமாரியே தக்கது.

பாரிஸ் உடைக்கு இத்துணைப் பேணுதல் உண்டெனின், நம்மவர் உடைக்கு யாது உண்டு? இவ்வினாவிற்குக் கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர்பிள்ளை செயலால் விடைகூறினார். அங்கேரித் தூதுவர் அளித்த பாவையொன்றினால் ஆர்வங் கொண்ட அவர், பன்னாட்டுப் பாவைகளைத் திரட்டி 1965இல் டில்லியில் அருங்காட்சியகம் நிறுவினார். அதனோடு இணைந்த பட்டறையிலே, பாரதத்தின் பல பகுதி மக்களுடைய உடைகள் ஆராயப்பெற்றுப் பாவைகளுக்குத் தைக்கப்பட்டன.

மலையகத்திலோ, உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்படும் கொழுந்து பறிக்கும் பாவை பளபளக்குஞ் சேலையோடு புன்னகைத்து நிற்கின்றது. இடுப்பிற் சுற்றிய படங்கு எங்கே? மழைக்குத் தலைமேலிட்ட கம்பளி எங்கே? கூடைக் கயிறு தலையில் அழுந்தாதிருக்க மடித்திட்ட துணி எங்கே? இன்று பல தோட்டங்களிற் கூடையின் இடத்தைப் பை பிடித்து வருகின்றது. சாக்குப் படங்கின் இடத்தைப் பொலித்தீன் பிடித்துவிட்டது. கம்பளை வட்டாரத்திலே தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்திருத்தல் மகிழ்ச்சிக்குரியது. எனினும், உடுத்தும் முறையைப் பொருளை மட்டும் பார்த்து அறிதல் அரிது. அதனைக் கையாலே செய்துகாட்ட வல்ல பாட்டிமார் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

மாணவர் ஒருவிடுமுறையில் இதனைச் செய்து முடிக்கலாம். முதியவள் ஒருத்தியைக் கட்டிக்காட்டச் சொல்லி, ஒவ்வொரு மடிப்பையும் அளந்து வரைந்து, அவள் வழங்கும் பெயரையே எழுதிக்கொள்க. பின்னர் அதே வகைப் பழந்துணியில் ஐந்திலொரு பங்கு அளவாகப் பாவைக்குத் தைத்து, குறிப்பையும் உடன் வைத்துக் கல்லூரிக் கொலுவின் ஒரு படியில் நிறுத்துக. பத்துப் பாவைகளே ஆயினும் போதும். அவற்றின் அருமைக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை.