சீனியை மணலாக்கும் இலை, சீனியின்றி இனிக்கும் புரதம்

சிறுகுறிஞ்சா இலை இரண்டை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டால் இனிக்காது. மணலை மெல்வது போலிருக்கும். உப்பும் புளியும் வழக்கம்போலத் தெரியும்; இனிப்பு மட்டும் அரை மணி நேரமாவது காணாமல் போய்விடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பவருக்கு அன்று சாயத்தின் கைப்புத்தான் மிஞ்சும்.

இலங்கையின் வடக்கு, கிழக்கில் குறிஞ்சா இலையை வறையாகச் செய்து உண்பது பழைய வழக்கம். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று சொல்லியே பலர் வாங்குகிறார்கள். நாக்கை ஏமாற்றும் இதன் குணத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில் அரசாங்கத்தின் கொயினா இரசாயனவியலாளராக இருந்த அவர், இலையிலிருந்து பிரித்தெடுத்த ஜிம்னெமிக் அமிலத்தைப் பற்றி 1887இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

இலையை மென்ற பிறகும் சீனி அதே சீனிதான். மாறியது நாக்கு.

நாவின் சுவையரும்புகளில் இனிப்பை உணரும் கலங்கள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் டி1ஆர்2, டி1ஆர்3 என்னும் இரு புரதங்கள் இணைந்து ஒரு வாங்கியாக நிற்பதை விஞ்ஞானிகள் 2001இல் கண்டறிந்தார்கள். கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இரு புரதங்களுக்குமே, தம்பலகாமக் குடாவின் மட்டிக்கு இருப்பதுபோல, திறந்து மூடும் இரு மடல்கள் உண்டு. சீனி மூலக்கூறு உள்ளே நுழைந்ததும் மடல்கள் மூடுகின்றன; அந்த அசைவு கலத்துக்குள் கடத்தப்பட்டு, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. செயற்கை இனிப்புகளான சுக்ரலோஸும் அஸ்பார்டேமும் டி1ஆர்2இன் மடல்களுக்கு இடையில் அமர்வதை, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் சூக்கர் குழு 2025இல் வெளியிட்ட வாங்கியின் வடிவப் படங்கள் காட்டின. ஜிம்னெமிக் அமிலம் இந்த இடுக்கைத் தொடுவதில்லை. கலமென்சவ்வுக்குள் புதைந்திருக்கும் டி1ஆர்3இன் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டு வாங்கியை முடக்குகிறது என்று 2014இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு சொல்கிறது.

இதே வாங்கியை வேறு வழியில் தூண்டும் பொருட்களும் உண்டு. அவை புரதங்கள். மேற்கு ஆபிரிக்கக் காடுகளில் வளரும் ஒரு செடியின் பழத்திலிருந்து தோமட்டின் கிடைக்கிறது. இன்னொரு ஆபிரிக்கக் கொடியின் சிவந்த பழம் மொனெலினைத் தருகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள மொனெல் ஆய்வு நிலையத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இரண்டையும் 1972இல் பிரித்தெடுத்தார்கள். 1994இல் பிரசீன் வந்தது. அதில் 54 அமினோவமிலங்களே உண்டு. கொதிக்கும் அளவு சூட்டையும் அது தாங்கும். நிறைக்கு நிறை பார்த்தால் தோமட்டின் சீனியைவிட 2,000 மடங்குக்கு மேல் இனிக்கும்.

சீனியின் மூலக்கூற்று நிறை 342. தோமட்டினுக்கோ ஏறத்தாழ 22,000. இவ்வளவு பெரிய உருவம் மடல்களின் இடுக்குக்குள் நுழையவே முடியாது. அது வாங்கியின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு அதைத் தூண்டப்பட்ட நிலையில் நிறுத்திவைக்கிறது என்பதே ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். புரதத்தின் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் கொண்ட லைசின், ஆர்ஜினின் போன்ற அமினோவமிலங்களை மாற்றினால் இனிப்புக் குறைந்துவிடுகிறது. அந்த இடங்கள் வாங்கியின் எதிர்மின்னேற்றப் பகுதிகளோடு பொருந்துவதாகக் கருதுகிறார்கள். டி1ஆர்3இல் சிஸ்டீன் செறிந்த கழுத்துப் பகுதி பிரசீனுக்கு இன்றியமையாதது. சீனியின் இனிப்பு உடனே வந்து உடனே போகும். இந்தப் புரதங்களின் இனிப்பு மெல்ல ஏறி நெடுநேரம் நாவில் தங்கும்.

மிரக்குலின் என்னும் புரதம் இன்னும் விசித்திரமானது. தனியே அதற்குச் சுவையில்லை. ஆனால், அது உள்ள பழத்தைச் சுவைத்த பிறகு தேசிக்காயைக் கடித்தால் தித்திக்கும். வாயில் அமிலம் சேரும்போதுதான் அது வாங்கியைத் தூண்டுகிறது.

ஒரு பொருள் இனிப்பா இல்லையா என்பது அதைச் சுவைப்பது எந்த உயிர் என்பதையும் பொறுத்தது. சிறுகுறிஞ்சாவே இதற்குச் சாட்சி. அதே இலையில் குர்மரின் என்னும் 35 அமினோவமிலப் புரதமும் இருக்கிறது. எலிகளின் இனிப்பு உணர்வை அது மழுங்கடிக்கும்; மனித நாக்கில் அதன் வேலை பெரிதாகப் பலிப்பதில்லை. மறுபுறம், மனிதர்களுக்கு இனிக்கும் மொனெலினைச் சுண்டெலிகள் இனிப்பாக உணர்வதில்லை. மனித டி1ஆர்2ஐச் சுண்டெலிக்குள் புகுத்தி 2003இல் சோதித்தபோது, முன்பு பொருட்படுத்தாத அஸ்பார்டேமை அவை விரும்பிக் குடித்தன.

திருகோணமலை மீன் சந்தையைச் சுற்றும் பூனைக்கு லட்டும் ஒன்று, மண்ணாங்கட்டியும் ஒன்று. பூனை இனத்தில் டி1ஆர்2இன் பரம்பரையலகு பழுதடைந்து கிடப்பதை, மொனெல் நிலைய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். அங்குள்ள சுவாமி மலையிலிருந்து பருவத்தில் கண்ணில் படும் திமிங்கிலங்களின் கதை இன்னும் கடுமையானது. திமிங்கில, டொல்பின் இனங்கள் பலவற்றை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, அவற்றின் இனிப்பு, கைப்பு, புளிப்பு, உமாமி வாங்கிகளுக்கான பரம்பரையலகுகள் செயலிழந்துவிட்டதாகச் சொல்கிறது. இரையை முழுதாக விழுங்கும் உயிர்களுக்கு அவை தேவைப்படாமல் போயிருக்கலாம்.

மனிதருக்கு வாங்கி நன்றாகவே வேலை செய்கிறது; இனிப்பை விட முடியாத சிக்கலும் அதனால்தான். திருகோணமலை மாவட்டத்திலேயே கரும்பை நம்பி இயங்கிய கந்தளாய் சீனித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. நாட்டின் சீனியில் பெரும்பகுதி இன்று கப்பலில் வருகிறது. சீனி கூடிய மென்பானங்களுக்கு 2016 ஓகஸ்டிலிருந்து நிறக் குறியீடு கட்டாயம்; 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. இனிப்புப் புரதங்கள் இங்கேதான் கவனம் பெறுகின்றன. மிகச் சிறிய அளவே போதும். மற்றப் புரதங்களைப் போலச் சமிபாடடையும். இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றாது. தோமட்டின் ஐரோப்பாவில் ஈ957 என்ற எண்ணில் உணவுச் சேர்க்கையாக அனுமதிக்கப்பட்டுள்ளது. பிரசீன் உள்ள பழம் அரிதானதால், நுண்ணுயிர்களைக் கொண்டு அதைத் தயாரிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால், கேக்குக்குப் பருமனும் பொன்னிறமும் கொடுக்கும் சீனியின் வேலையை இப்புரதங்கள் செய்யமாட்டா.

சிறுகுறிஞ்சா நாக்கில் இனிப்பை மறைப்பதும் இரத்தத்தில் சீனியைக் குறைப்பதும் வெவ்வேறு விடயங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த இலையையோ அதன் தூளையோ தொடர்ந்து உட்கொள்வதாக இருந்தால் முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். இலையை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.