சுளுக்குத்தானே என்று விடலாமா?



பொங்கல் முடிந்த வாரத்தில் எலும்பு வார்டுக்குள் நுழைந்தால் வாலிபர்கள் கூட்டமாகத்தான் இருக்கும். காணும் பொங்கலையொட்டி ஊருக்கு ஊர் கபடி, கைப்பந்து, கயிறு இழுத்தல் என்று போட்டிகள் நடக்கின்றன. கதிர்காமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அப்படியே. மறுநாளிலிருந்து கணுக்கால் வீங்கினவர்களும் தோள் நழுவினவர்களும் வரத் தொடங்குவார்கள். ஊழியத்துக்கு வந்த புதிதில் நான் இதைப் பெரிதாக எண்ணியதில்லை. புற்றுநோயாளியின் படுக்கையருகே நின்று ஜெபித்துவிட்டு வருகிறவனுக்குச் சுளுக்கு ஒரு வியாதியாகத் தெரிவதில்லை. ஒரு பையன் அந்த எண்ணத்தை மாற்றினான்.

அவனுக்குப் பதினேழு வயது. கபடியில் பாடிப் போனவனை மூன்று பேர் பிடித்து இழுத்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வீட்டார் அன்றிரவே கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனார்கள். அவர் பச்சிலை வைத்து, மூங்கில் தப்பை கொடுத்து, துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பினார். இரவெல்லாம் பையன் கத்தினான். "கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்றார்கள். அவனும் பொறுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது கால்விரல்கள் கறுத்திருந்தன. காலை எடுக்க வேண்டியதாயிற்று. சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனுடைய தகப்பனார் என்னிடம், "ஐயா, வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தான்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நடந்தது என்ன என்பதை எங்கள் எலும்பு மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, எளிதில் நெகிழாத உறைக்குள் இருக்கின்றன. எலும்பு முறிந்தாலோ தசை நசுங்கினாலோ உள்ளே இரத்தம் கசிந்து வீக்கம் வரும். வீக்கம் விரிய இடமில்லை. வெளியே கட்டும் இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, தசைக்குள் இரத்தம் புக முடியாமல் போகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அந்த நிலை நீடித்தால் தசை சாகத் தொடங்கும். பாதத்தில் நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம் என்பதுதான் பயங்கரம். "நாடி இருக்கிறது, பயமில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு முதல் அடையாளம் வலிதான். கட்டுப் போட்டால் வலி குறைய வேண்டும். குறையாமல் மணிக்கு மணி கூடினால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், கால்விரலை மெதுவாக மேலே மடக்கும்போது உயிர் போகிறதுபோல் வலித்தால், விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, சில்லிட்டாலோ காத்திருக்கக் கூடாது. வீட்டிலே அப்படி நேர்ந்தால் கட்டை நீளவாட்டில் தோல் தெரியுமட்டும் வெட்டித் தளர்த்திவிட்டு, காலை நெஞ்சு மட்டத்தில் வைத்து, அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று இருக்கலாகாது. உரிய வேளையில் வந்தால் தசையின் உறையைக் கீறி அழுத்தத்தை இறக்கிவிடுகிறார்கள்; கால் பிழைக்கிறது. நம் பகுதியில் கதிர்காமத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அடுத்துக் கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன. தூரம் ஒரு சாக்கு அல்ல.

புத்தூர் கட்டு போடுகிறவர்களை நான் பழிக்கவில்லை. ஆந்திராவிலுள்ள புத்தூரின் பெயரை வைத்து நம் ஊர்களிலும் அநேகர் இதைச் செய்கிறார்கள். எலும்பு விலகாமல் சிறிய கீறலாக இருந்தால் அசையாமல் வைத்தாலே கூடிவிடும். அப்படிக் குணமானவர்கள் உண்டு. வீக்கம் ஏறுகிற முதல் இரவில் இறுக்கிக் கட்டுவதும், மறுநாள் திரும்பிப் பாராததும்தான் ஆபத்து. மருத்துவமனைக் கட்டுக்கும் இதே விதிதான். 2022 நவம்பரில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, பதினேழு வயதுக் கால்பந்தாட்ட வீராங்கனை, முழங்காலில் லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். பின்பு போட்ட அழுத்தக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை எடுக்க நேர்ந்தது. 15ஆம் தேதி இறந்துபோனாள். விளையாட்டில் அவளுக்கு ஏற்பட்டது நார்க் கிழிவு மட்டுமே. படித்த மருத்துவர் கட்டினாலும், வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் செவிலியரைக் கூப்பிடுங்கள். வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

இனி, அடிக்கடி வருகிற கணுக்கால் சுளுக்கைப் பார்ப்போம். பாதம் உட்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்கத்து நார் இழுபடுகிறது அல்லது கிழிகிறது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்கு போகும் என்று என் பாட்டி நம்பினார். நானும் சிறுவயதில் அப்படி நீவப்பட்டவன்தான்! ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்கள் நீவுவதும், சூட்டு ஒத்தடமும் வீக்கத்தை அதிகப்படுத்தும். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். வலி தணியும், அவ்வளவே. 1978-இல் ஐஸ், ஓய்வு, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் எழுதினார். கிரேப் பாண்டேஜ் சுற்றினால் விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும், தூங்கும்போது கழற்றிவிடலாம்.

எக்ஸ்ரே எப்போது வேண்டும்? கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வகுத்த எளிய விதி இன்றும் நிற்கிறது. நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொழியின் பின் ஓரத்தில் எலும்பையே அழுத்தும்போது வலித்தாலோ, படம் எடுக்க வேண்டும். முறிவு இல்லை என்றால் மாதக்கணக்கில் படுத்திருப்பதும் தவறு. வலி அனுமதிக்கிற அளவு நடந்து, ஒற்றைக் காலில் நிற்கப் பழக வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கே அதே கால் மறுபடி மறுபடி மடங்குகிறது.

முழங்காலுக்குள் இரண்டு நார்கள் குறுக்காகப் பிணைந்து நிற்கின்றன. மருத்துவர்கள் அவற்றைச் சிலுவை நார் என்று அழைப்பதால் எனக்கு அந்தப் பெயர் மறப்பதில்லை. ஓடி வந்தவன் சட்டென்று திரும்பும்போது "டப்" என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல் வீங்கினால் முன் சிலுவை நார் அறுந்திருக்கலாம். வீக்கம் வற்றினதும் நடக்க முடிகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு படியிறங்கும்போது முழங்கால் நழுவுகிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் ஆண்பிள்ளைகளைவிட அதிகம். எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. செய்துகொண்டவர்கள் ஒன்பது மாதமாவது களத்துக்குத் திரும்பக் கூடாது.

தடுக்க வழி உண்டு. வருஷமெல்லாம் ஓடாத கால்களைப் பொங்கலன்று மட்டும் களத்தில் இறக்குவதே நம் ஊர்க் காயங்களுக்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட கால்பந்தாட்டச் சிறுமிகளிடம் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் மெதுவோட்டம், ஒற்றைக்கால் நிலை, குதித்து முழங்காலை மடக்கி இறங்குதல் ஆகியவற்றைச் செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் பாதிக்கு நெருங்கிக் குறைந்தன. இதற்குப் பணச்செலவு இல்லை.

உங்களில் பலர் சபையிலே வாலிபர் விளையாட்டு நாள் நடத்துகிறீர்கள். களத்தில் கல்லும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி, மண்ணைக் கொத்திவிடுங்கள். தலையில் அடிபட்டு மயங்கினவனை அன்று திரும்ப ஆடவிட வேண்டாம். நழுவின தோளை யாரும் இழுக்க வேண்டாம். தூக்குத் துணி கட்டி அனுப்புங்கள். நெஞ்சில் அடிபட்டு விழுந்தவன் மூச்சற்றுக் கிடந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, நடுநெஞ்சை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள். கட்டுப் போட்டு யாரையாவது வீட்டுக்கு அனுப்பியிருந்தால், இரவு படுக்கப் போகுமுன் ஒரு தரம் தொலைபேசியில் கூப்பிட்டு, வலி குறைந்திருக்கிறதா, விரல்கள் அசைகின்றனவா என்று கேளுங்கள்.